மூன்றாவது வரி

உ

தென்காசி,
9-6-1961

அன்புள்ள அத்தானுக்கு,

நாச்சியார் வணங்கி எழுதுவது. காசி விசுவநாதர் கிருபையில் நானும் அத்தையும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி இருக்கிறது, நாக்குக்கு ஒரு வலியும் இல்லை. உங்கள் சௌக்கியத்தை நான் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்பது கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது.

போன மாதக் கடைசியில் நீங்கள் எழுதியது நேற்று வந்தது. ஜப்பான் தபால் என்றால் பீர் மைதீன் அண்ணாச்சி தெருமுனையிலேயே குரல் கொடுத்துவிடுகிறார். வழக்கம்போல அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள், நான் உரக்கப் படித்தேன். மில் கம்பெனி உங்களை இன்னும் ஒரு வருஷம் ஒசாகாவிலேயே இருந்து புதுத் தறிகளைக் கற்றுக்கொண்டு வரச் சொல்கிறது, ஆகஸ்ட் பதினைந்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், உன் சம்மதம் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் சேர்த்து மூன்று வரி. அதற்கப்புறம் நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் ஸச்சிகோவின் முற்றத்தில் நிற்கிற மரத்தைப் பற்றிப் பதினொரு வரி. எண்ணிப் பார்த்தேன்.

அந்த அம்மாள் உங்களுக்கு ஹைக்கூ என்று ஏதோ சொல்லித் தருகிறாளாம். மூன்றே வரியாம். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், நினைத்ததைச் சொல்லக் கூடாதாம். அது மழைக்காலமா வெயில் காலமா என்று தெரிய வேண்டுமாம். தினம் ஒன்று எழுத ஆரம்பித்த பிறகு மனசு அலையாமல் கையிலிருக்கும் காரியத்திலேயே நிற்கிறது, சாப்பிடும்போது சாப்பாடு தெரிகிறது, நடக்கும்போது பாதை தெரிகிறது என்கிறீர்கள். நீங்கள் எழுதிய ஒன்றையும் அனுப்பியிருக்கிறீர்கள்.

ஆறிய தேநீர்.
கிண்ணத்தின் விளிம்பில்
ஓர் எறும்பு.

இதை நான் படித்து முடித்ததும் அத்தை, "பெறவு?" என்றார்கள். பிறகு ஒன்றுமில்லை அத்தை, அவ்வளவுதான் என்றேன். எறும்பு உள்ளே விழுந்ததா இல்லையா என்று கேட்டார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். இருந்தாலும் அத்தைக்கு அந்த அம்மாள் மேல் பிரியம். ஊர் விட்டு ஊர் போன பிள்ளைக்குச் சோறு போடுகிற மகராசி நன்றாக இருக்கட்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லுகிறார்கள்.

நானும்தான் நாலு வருஷம் சோறு போட்டேன். ஒரு நாளாவது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறீர்களா? இடது கையில் பேப்பர், கண் அதில், வலது கை பாட்டுக்கு வாய்க்குப் போகும். ஒரு தடவை வேண்டுமென்றே ரசத்துக்கு உப்புப் போடாமல் வைத்தேன். குடித்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒசாகாவில் எறும்பு தெரிகிறதென்றால் அந்த அம்மாள் கெட்டிக்காரிதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முற்றத்து மரத்துக்கு வயது அறுபது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாளுக்கு வயது என்ன என்று எழுதவில்லையே?

சம்மதத்தைப் பற்றி யோசித்து எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நாச்சியார்


உ

தென்காசி,
4-7-1961

அன்புள்ள அத்தானுக்கு,

நாச்சியார் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். சாரல் கட்டிவிட்டது. மலை பத்து நாளாகக் கண்ணில் படவில்லை, துணி காயவில்லை.

முப்பத்தொன்று என்று எழுதிவிட்டீர்கள். அறுபது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இந்த விஷயத்தில் மட்டும் உங்களுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு நேர்மை வந்ததோ. புருஷன் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் இறந்து ஆறு வருஷமாகிறது, தனியாக நாலு பேருக்குச் சமைத்துப்போட்டுப் பிழைக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கஷ்டப்பட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பாராவிலேயே, அவள் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி ஒரு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் குடிப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாராவை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. முழுங்கிவிட்டேன்.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் நடத்தையில் எனக்குச் சந்தேகமில்லை. எதிரில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாலும் உங்கள் கண்ணில் படாது, என் குறையே அதுதானே. அவள் ஏழு மாதத்தில் உங்களுக்குக் கண்ணைத் திறந்துவிட்டாள். நான் நாலு வருஷம் எதிரிலேயே நின்றேன், என்னால் முடியவில்லை. இதுதான் என் வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை.

நீங்கள் புறப்பட்ட அன்றைக்கு ஐப்பசி மழை கொட்டியது. ஞாபகம் இருக்கிறதா? ஸ்டேஷனில் எல்லாரும் கூரைக்கு அடியில் ஒதுங்கிவிட்டார்கள். நான் மட்டும் கடைசித் தூணைப் பிடித்துக்கொண்டு நனைந்தேன், உங்கள் ரயில் பெட்டி அந்த இடத்தில்தான் வந்து நின்றது. நீங்கள் பெட்டி படுக்கையை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். வண்டி அசைந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் ஜப்பானில் நீங்கள் நூறு மரத்தைப் பார்த்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

கோயிலுக்குப் போனால் பெண்டுகள் உங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை, வயிற்றைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். பிறகு அவர்களாகவே ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு போகிறார்கள். இன்னும் ஒரு வருஷம் என்றால் எத்தனை பெருமூச்சு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீயும் தினம் ஒன்று எழுதிப் பார், அடுப்படியிலேயே ஆயிரம் இருக்கிறது என்கிறீர்கள். அடுப்படியில் என்ன இருக்கிறதென்று எனக்கு ஒசாகாவிலிருந்து சொல்ல வேண்டுமா? போன வெள்ளிக்கிழமை இந்தக் கோபத்தோடேயே ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு விழுந்து அடுத்தது திரளுகிற வரைக்கும் பார்த்தேன், அப்புறம் அதற்கடுத்ததை. பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. "கண்ண எங்கன வச்சிருக்கட்டி?" என்று அத்தை வைதார்கள். உங்கள் மகன் கண்ணை வைத்திருக்கிற இடத்தில்தான் என்று வாய் வரைக்கும் வந்தது.

மறுநாள் அரிசி களையும்போது இது:

முதல் தண்ணீர் வெள்ளை.
இரண்டாவது கலங்கல்.
மூன்றாவதில் என் விரல்கள்.

இது கவிதை இல்லை, அரிசி களைந்தது. சரியாக இருக்கிறதா என்று அந்த அம்மாளிடம் கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம். அவளிடம் காட்ட வேண்டாம். இது உங்களுக்கு எழுதியது.

சம்மதம் கேட்டிருந்தீர்கள். தாராளமாக இருந்துவிட்டு வாருங்கள் என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், தெரிகிறதா? அதற்குக் கீழே, கூடவே கூடாது என்று எழுதி அதையும் அடித்திருக்கிறேன். இரண்டும் நான் எழுதியதுதான். எது நிஜமென்று எனக்கே தெரியும்போது எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் மழைக்காலம் என்கிறீர்கள், தலையை நன்றாகத் துவட்டுங்கள்.

இப்படிக்கு,
நாச்சியார்


உ

தென்காசி,
27-7-1961

அன்புள்ள அத்தானுக்கு,

நாச்சியார் எழுதுவது. நானும் அத்தையும் சௌக்கியம். ஸச்சிகோ அம்மாள் சௌக்கியமாக இருக்கிறார்களா? வேறு எதற்குப் பதில் எழுதாவிட்டாலும் இதற்கு உடனே எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரிதான்.

செவ்வாய்க்கிழமை நானும் பக்கத்து வீட்டு உலகம்மாளும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். கூட்டம் தாங்கவில்லை. ஐந்தருவிக்குப் போய்விட்டோம். ஒரு மாதமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த உங்கள் ஸச்சிகோ அம்மாளை அங்கேயாவது இறக்கி வைக்கலாமென்று போய் நின்றேன். அத்தான், அருவி தலையில் விழும்போது ஒன்றையும் நினைக்க முடியாது. பிடரியில் தண்ணீர், காலுக்கடியில் பாறை, மூச்சு, அவ்வளவுதான் இருக்கிறது. மனசு ஓர் இடத்தில் நிற்கிறது என்று நீங்கள் கடல் தாண்டிப் போய்ப் படித்துக்கொண்டது இதுதானென்றால், கல்யாணமான புதிதில் உங்களை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். ஜலதோஷம் பிடிக்கும் என்று கரையிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தீர்கள்.

ஈரத் தலையோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அத்தையும் ஈரத் தலையோடு வாசலை மறித்து நிற்கிறார்கள். "ஏட்டி, உள்ள வராத. கெணத்தடிக்குப் போயி தலையில தண்ணிய ஊத்து. அந்த ஜப்பான்காரி போய்ச் சேந்துட்டா போலுக்கு" என்றார்கள்.

நடந்தது இதுதான். மத்தியானம் பீர் மைதீன் அண்ணாச்சி உங்கள் கார்டைக் கொண்டுவந்திருக்கிறார். அது படம் போட்ட கார்டு. நாலு பக்கமும் கறுப்பு மையால் பட்டையாகக் கோடு. எழுத்து மூன்றே வரி. நலம் என்று இல்லை, நலமறிய ஆவல் என்று இல்லை, யார் எழுதியது என்று கீழே பேர்கூட இல்லை. மேலே பிள்ளையார் சுழியும் இல்லை. ஜப்பானில் அது அலங்காரமாக இருக்கலாம். நம் ஊரில் கறுப்பு ஓரம் போட்டு, சுழி போடாமல், நலம் விசாரிக்காமல் எதற்குக் கடிதம் எழுதுவார்கள்? நீங்களே சொல்லுங்கள். அண்ணாச்சி அதை வாசிக்கத் தயங்கி நின்றாராம். அத்தை அந்தக் கறுப்பைப் பார்த்ததும், வாசிக்க வேண்டாமென்று வாங்கி, சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதென்று தெருவிலேயே நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகியிருக்கிறார்கள். மேல்விலாசம் உங்கள் கையெழுத்து என்று அண்ணாச்சி சொன்னதால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. உங்களுக்கு ஒன்றுமில்லையென்றால் அங்கே நாம் அறிந்தவர் வேறு யார்? சோறு போட்ட மகராசிதான் என்று முடிவு கட்டி, ஒரு பாட்டம் அழுதும் தீர்த்துவிட்டார்கள்.

இனிமேல் எழுதப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உலகம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. அத்தை அப்படிச் சொன்னதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆமாம் அத்தான், சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று தோன்றியது. வாசலிலிருந்து கிணற்றடிக்கு இருபது எட்டு இருக்குமா? அந்த இருபது எட்டும் நான் சந்தோஷமாக நடந்தேன்.

முதல் வாளியை ஊற்றிக்கொண்டபோது முப்பத்தொரு வயது என்ற ஞாபகம் வந்தது. புருஷன் போன வீட்டில் தனியாக இருந்தவள், அவளுக்குக் கொள்ளி வைக்க யார் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வாளி கைநழுவிக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அழுதேனா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை, முகமெல்லாம் தண்ணீர். என்னைப் போல ஒரு பாவி இந்தத் தெருவில் இருக்க மாட்டாள்.

அப்படியும் என் புத்தி போகவில்லை பாருங்கள். ஈரத்தோடேயே தெருவுக்குப் போனேன். எதற்குத் தெரியுமா? அவள் செத்ததற்கு நீங்கள் எப்படி அழுது எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மூன்று துண்டு சாக்கடை ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. நாலாவதைக் காற்று எதிர்வீட்டு வண்டிக்கு அடியில் கொண்டுபோயிருந்தது. சாரலில் எல்லாம் நைந்துவிட்டது. அத்தைக்குத் தெரியாமல் கொண்டுவந்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அடுப்புச் சூட்டில் காட்டினேன். படம் ஒரு மலை. மரணம் கிரணம் ஒன்றுமில்லை. இரண்டு வரி படிக்க முடிந்தது.

ரயில் நகர்ந்த பிறகும்
தூணைப் பிடித்தபடி பச்சை வளையல்

மூன்றாவது வரி இருந்த இடத்தில் மை கரைந்து வெறும் நீலம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தூணைப் பற்றி நான் போன கடிதத்தில் எழுதினேன், அதைப் பார்த்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்த எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் வளையல் கண்ணில் பட்டது. வளையலைப் பற்றி நான் எழுதவில்லையே.

எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நீங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் உலகம்மாளோடு போய்க் குற்றாலத்துக் கடையில் வாங்கினேன். அன்றைக்கு முழுக்க உங்கள் முன்னாலேயே கையை ஆட்டி ஆட்டி வேலை பார்த்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து துணி துவைக்கும்போது ஒன்று உடைந்தது, வெறுத்துப்போய் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அந்தப் பச்சை வளையல் என் கையில் இருந்ததே ஒன்றரை நாள்தான். வண்டி நகர்ந்த பிறகும் நான் தூணை விடவில்லை என்பதையும் நான் எழுதவில்லை. அந்தத் தூணில் என் கையை நீங்கள் பார்க்காமல் இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

பார்த்திருக்கிறீர்கள். திருட்டுத்தனமாகவாவது பார்த்திருக்கிறீர்கள். எட்டு மாதம் அதை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததற்கு உங்களை என்ன செய்தாலும் தகும்.

அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு சாவும் இல்லை, அது அவர்கள் ஊர்ப் படக் கார்டு என்று சொல்லி, இரண்டு வரியையும் படித்துக் காட்டினேன். "அப்பம் என்னத்துக்குக் கறுப்புக் கோடு போட்டுத் தொலைச்சான், பேதில போவான்" என்று உங்களை ஒரு மூச்சு வைதார்கள். இந்தத் தடவை அத்தை 'பெறவு' என்று கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, "அவன் ரயிலேறுன அன்னைக்கு நீ சாப்பிடலட்டி. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றார்கள். இத்தனை நாள் அதையும் நான் அறியவில்லை.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். வாசல் காற்று வழக்கம்போல முதலில் முகத்தில் அடித்து வராதே என்றது, நாலு எட்டு வைத்ததும் முதுகைப் பிடித்து உள்ளே தள்ளியது. எத்தனை வருஷமாக அந்த வாசல் வழியாகப் போகிறேன், காற்று திசை மாறுகிற இடம் இதுதான் என்று நேற்றுத்தான் நின்று பார்த்தேன். ஸச்சிகோ அம்மாள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றேன். கோத்திரம் கேட்டார், அதுவும் தெரியாது, ஒசாகா என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்படியே சொல்லி அர்ச்சனை செய்தார். நூறு வயது இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டேன். விபூதி குங்குமம் இதோடு வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், ஊரில் ஒருத்தி தப்பாக நினைத்துவிட்டாள், அதற்காக என்று சொல்லிக் கொடுங்கள். அவர்கள் மேல் இப்போதும் கொஞ்சம் பொறாமை இருக்கிறது. அதையும் சொல்லிவிடலாம், ஒளிப்பதற்கில்லை.

அந்த மூன்றாவது வரியை நானே எழுதிப் பார்த்தேன். மழை விடவில்லை என்று எழுதினேன். அது அன்றைக்கு. இன்னும் கையை எடுக்கவில்லை என்று எழுதினேன். அது நான் நினைப்பது, பார்த்தது இல்லை, உங்கள் சட்டப்படி சேராது. தூணைப் பிடித்தவளுக்கு ரயிலின் பின்பக்கம்தான் தெரிந்தது. ஜன்னலில் என்ன இருந்தது என்று ஜன்னலில் இருந்தவருக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் பதினைந்துக்குள் என் முடிவைக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்தேன். இந்தத் தடவை அடிக்காமல் எழுதுகிறேன்: புறப்பட்டு வாருங்கள். பெட்டியிலிருந்து அந்த வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று குறைகிறது, பரவாயில்லை.

காசி விசுவநாதர் உங்களை வழித்துணையாக இருந்து காக்கட்டும். கார்டில் அழிந்துபோன வரி என்னவென்று பதில் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாச்சியார்